செப்பேட்டில் சாட்சிக்கு விட்ட இடம்

சிதம்பரம்
12-8-2024

அன்புள்ள ஆயாவுக்கு எழிலரசி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். உன் முட்டி வலி தேவலையா, தைலம் தீர்ந்துபோச்சா? போன் பண்ணினா நீ எடுக்கறதே இல்ல. போன்ல சொன்னதை அப்புறம் இல்லேம்பாங்க, எழுதிட்டா இல்லேன்னு சொல்ல முடியாதுன்னு போன தடவை சொன்னே. அதனால எழுதறேன்.

ஒரு வேலை இருக்கு ஆயா. எங்க வரலாற்றுக் குழு பத்திச் சொல்லியிருக்கேன் இல்லையா? வருஷத்துக்கு ஒரு நாள் இங்க ஒரு மண்டபத்தை எடுத்து, சோழர் காலத்து ஊர்ச்சபை மாதிரியே நடத்துவோம். உடுப்பு, சாப்பாடு, பேச்சு எல்லாம் அந்தக் காலத்துப்படி. வருஷம் பூரா உழைச்சவங்களுக்கு அன்னைக்குப் பட்டம் கட்டி செப்பேடு குடுக்கறது வழக்கம். போன வருஷம் அட்டையில அச்சடிச்சுக் குடுத்தோம். பார்க்க மொய் கவர் மாதிரி இருந்துச்சு. இந்தத் தை மாசக் கடைசியில சபை. ஏழு ஏடு வேணும். நெஜச் செம்புத் தகட்டுல, கையால வெட்டினது. ஒருத்தர் மிஷின்ல போட்டுத் தரேன்னு வந்தாரு. எங்க ஆயா பாத்திரக் கடையில இருபத்தெட்டு வருஷம் பேர் வெட்டினவங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஏடு எப்படி இருக்கணும்னு தலைவர் திருநாவுக்கரசு ஐயா எழுதிக் குடுத்ததை வச்சிருக்கேன். முதல்ல வாழ்த்து. அப்புறம் யார், எந்த ஊர், என்ன செஞ்சாங்க. பழைய ஏட்டுல நிலத்துக்குச் சொல்ற மாதிரி நாலு எல்லை. இதை அழிக்கறவனுக்கு ஒரு சாபம். கடைசியில சாட்சி. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் 'இப்படி அறிவேன்'னு தன் கையாலயே பேர் வெட்டணும். அந்த இடத்தை மட்டும் நீ காலியா விட்டுடு.

வெட்டித் தருவியா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
எழில்


கடலூர் முதுநகர்
20-8-2024

எழிலுக்கு ஆயா எழுதறது. நானும் முட்டி வலியும் ஒருத்தரை ஒருத்தர் விடாம சௌக்கியமா இருக்கோம். உன் சளி எப்படி இருக்கு? ஐஸ் தண்ணி குடிக்காத.

வெட்டித் தரேன். தகடு ரொம்ப மெல்லிசா அனுப்பாத, உளி பட்டா கிழியும். வளையம் கோக்கற ஓட்டையை நானே போட்டுக்கறேன். தகட்டுல கைரேகை இருந்தா புளி போட்டுத் தேச்சு அனுப்பு. செம்புல தப்பா வெட்டினா அழிக்க முடியாது, பின்னாலேர்ந்து தட்டி அமுக்கணும், அமுக்கினாலும் தடம் தெரியும். அதனால ஒவ்வொரு ஏட்டுக்கும் என்ன வெட்டணுமோ அதை முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு.

உங்க தலைவரை எனக்குத் தெரியும். 2009 கார்த்திகை மாசம் குத்துவிளக்கு வாங்க எங்க கடைக்கு வந்தாரு. அவர் பேரைப் பெருசாவும் சம்சாரம் பேரைச் சின்னதாவும் வெட்டச் சொன்னாரு. நான் ரெண்டையும் ஒரே அளவுல வெட்டிட்டேன். முதலாளி தங்கராசுகிட்ட பிராது பண்ணினாரு. முதலாளி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எங்க சார், ரெண்டும் நல்லாத்தானே எரியும்"னாரு. அந்த விளக்கு இப்ப எப்படி எரியுதுன்னு நான் கேட்டேன்னு சொல்லு.

உங்கம்மா ஏன் ஒரு வரி எழுதலை? பொங்கலுக்கு இந்த ஊர்ப்பக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பஸ் ஒண்ணரை மணி நேரந்தான்.

வேற விசேஷம் இல்ல.
லோகநாயகி


சிதம்பரம்
10-9-2024

அன்புள்ள ஆயா,

இங்க எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்கணும்னு ஆசைப்படறேன்.

முதல் ரெண்டு ஏடும் வந்துச்சு. குழுக் கூட்டத்துல பிரிச்சோம். ஆரோக்கியராஜ் அண்ணன்தான் எங்க எல்லாருக்கும் உடுப்பு தைக்கறவர். தன் பேரை விரலால தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தார். "எம்மாம் பேருக்குத் துணி தைக்கறேன், என் பேரை ஒருத்தன் சட்டைப் பட்டி அளவுக்குக்கூட எழுதினதில்ல"ன்னார். மிளகாயும் தக்காளியும் இல்லாம இருநூறு பேருக்குச் சமைச்ச ஜெயப்பிரகாஷுக்கு 'மிளகுப் பேரரையன்'னு பட்டம். அவருக்கு எல்லை சொல்லும்போது கிழக்கே அடுப்பு, மேற்கே அண்டான்னு நீயா சேர்த்திருக்கே பார், கூட்டமே சிரிச்சுது. விளக்கு விஷயத்தைத் தலைவர்கிட்ட சொன்னேன். சிரிக்கலை.

ஆனா அவர்தான் இதையும் முன்மொழிஞ்சார். ஏழாவது ஏடு யாருக்குத் தெரியுமா? ஏடு வெட்டற உனக்கு. கூட்டத்துல எல்லாரும் கை தூக்கிட்டாங்க. உன் ஏட்டையும் நீயேதான் வெட்டணும், வேற யார் இருக்கா? வாசகம் இதோட வச்சிருக்கேன். 'கடலூர்க் கலியமூர்த்தி மணவாட்டி லோகநாயகி'ன்னு தொடங்கும். கல்யாணமான பொம்பளைங்களுக்கு அப்படித்தான் போடணும்னு தலைவர் சொல்றார். கல்வெட்டுல அப்படித்தான் இருக்காம்.

அப்புறம் ஒண்ணு. உன் பேர்ல வர்ற 'லோ'வை, பழைய மாதிரி வால் நீட்டி வெட்டினா அழகா இருக்கும். வீட்டுல இருக்கற பித்தளைச் சொம்புல உன் பேர் அப்படித்தான் வெட்டியிருக்கு. அது மேல தாளை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்தேன். உள்ள இருக்கு, பார்.

அம்மா உன்னைக் கேட்டதாச் சொன்னாங்க.

எழில்


கடலூர் முதுநகர்
18-9-2024

எழிலுக்கு ஆயா. ஒடம்பு ஒண்ணும் இல்ல. நீயும் நல்லா இருப்பேன்னு நெனைக்கறேன்.

மணவாட்டின்னு நான் வெட்ட மாட்டேன். தலைவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், அவர் கோவம் எனக்குப் பழக்கம். அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

நீ அனுப்பின பென்சில் தேய்ப்பைப் பார்த்தேன். மூணு தரம் பார்த்தேன். அந்தச் சொம்பு என் கல்யாணத்துக்கு எங்கப்பா சின்னையன் வாங்கிக் குடுத்தது. 1972 வைகாசி. பேர் வெட்டினது தங்கராசு முதலாளியோட அப்பா. 'லோ'வுக்கு அந்த மாதிரி வால் விடறது இந்த ஜில்லாவுல அவர் ஒருத்தர்தான். கழுத்துக்குக் கீழ ஒரு ஒடுக்கு இருக்கும், கிணத்து மேடையில விழுந்தது. தேய்ப்புல 'கி'க்குப் பக்கத்துல வெள்ளையா விட்டுப்போயிருக்கே, அதுதான்.

அந்தச் சொம்பு 1986 ஐப்பசியில, ஒரு வியாழக்கிழமை, இந்த வீட்டை விட்டுப் போச்சு. தானா நடந்து போகலை. உங்க தாத்தன் கலியமூர்த்தி கையில போச்சு. பண்ருட்டிக்கு.

அது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு?

இது ஒண்ணுக்கு மட்டும் பதில் எழுது.

லோகநாயகி


கடலூர் முதுநகர்
6-10-2024

எழிலுக்கு.

மூணாவது, நாலாவது ஏடு பஸ் பார்சல்ல போட்டிருக்கேன். காதுல கேட்டதுக்குப் பதில் சொல்லாதவங்க உண்டு. எழுதிக் கேட்டதுக்கும் பதில் இல்லேன்னா, பதில் அதுலயே இருக்கு. இருந்தாலும் உன் கையால எழுதி வரட்டும்.

சாப்பிட்டியான்னு கேக்கலை, கோவமா இருக்கேன். சாப்பிடு.

லோகநாயகி


சிதம்பரம்
29-10-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

நீ சுகமா இருக்கியான்னு கேட்கவே வெட்கமா இருக்கு.

தாத்தா எங்க வீட்டுலதான் இருக்கார். மாசி மாசத்துலேர்ந்து. பண்ருட்டியில அவரோட இருந்த அந்தம்மா இறந்துட்டாங்க. அங்க பார்த்துக்க ஆள் இல்லேன்னு அம்மா போய்க் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரு பெட்டியும் அந்தச் சொம்பும்தான் அவர் கொண்டு வந்தது. உனக்குத் தெரிய வேணாம்னு அம்மா சொன்னாங்க. சொம்புல உன் பேர் இருந்தது எனக்குத் தப்பாவே தோணலை ஆயா. பாட்டி பேர் தாத்தா சொம்புல இருக்கறது சரிதானேன்னு நெனைச்சிட்டேன்.

அவர் நல்லாத்தான் இருக்கார். வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கறார். உன்னைப் பத்திக் கேட்டேன். "என் பெட்டியைத் தெருவுல தூக்கி வச்சா உங்க ஆயா. நான் எங்க போவேன்?"னார். அம்மா பக்கத்துல இருந்தாங்க. அப்புறம் தனியா என்கிட்ட, "அவர் சொல்றதை விடு, நான் எங்கம்மா வாயாலயே கேட்டிருக்கேன், 'நான்தான் போகச் சொன்னேன்'னு"ன்னாங்க.

அதான் அம்மா அங்க வர்றதில்லை. உனக்கும் தெரிஞ்சிருக்கும்.

தலைவர், முறை தவறினா ஏட்டைச் சபையில படிக்க முடியாதுங்கறார். தாத்தாவும் சபைக்கு வரணும்னு ஆசைப்படறார். ஒரு வார்த்தைதானே ஆயா. வெட்டிடேன்.

எழில்


கடலூர் முதுநகர்
5-11-2024

எழிலுக்கு ஆயா எழுதறது. மழை பிடிச்சிக்கிச்சு. வீடு ஒழுகலை. உங்க வீட்டு மாடியில தண்ணி நிக்காமப் பார்த்துக்கங்க.

இதை நீ படிச்சிட்டு உங்கம்மாகிட்ட குடு. அவ படிக்கலேன்னா நீ சத்தமாப் படி.

அவன் போன அந்த வியாழக்கிழமை ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்தறதாச் சொன்னாங்க. காலைல ஏழரைக்குப் பச்சை டின்னை எடுத்துக்கிட்டுப் போய் நின்னேன். எனக்கு முன்னால முப்பத்தோரு பேர். நனைஞ்சுக்கிட்டே நின்னேன். பதினொண்ணரைக்குத் திரும்பி வந்தா கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. சிமெண்டுத் தரையில பெட்டி இருந்த எடம் மட்டும் நீளவாட்டுல வெள்ளையாத் தெரிஞ்சுது. பானை மேல சொம்பு இல்ல. ரிக்‌ஷா வச்சுக்கிட்டுப் போனானாம். இழுத்துக்கிட்டுப் போனவன் சொன்னான். அவனும் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு.

நாலே காலுக்கு உங்கம்மா அருள்மொழி ஸ்கூல்லேர்ந்து வந்தா. அவளுக்குப் பத்து வயசு. பையைக்கூடக் கழட்டலை, அந்த வெள்ளைத் தரையைப் பார்த்துட்டு "அப்பா எங்க?"ன்னா.

அப்பா உன்ன விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. "நான்தான் போகச் சொன்னேன்"னேன். என்மேல கோவப்பட்டா நான் இருப்பேன். சோறு போட்டுக்கிட்டே திட்டு வாங்கிக்கலாம். அவன்மேல கோவப்படணும்னா ஆளு எங்க இருக்கு?

அந்தப் பொய் என்னுது. நான் அவளுக்காகச் சொன்னது. அதை எப்படியோ கேள்விப்பட்டு, அந்த மனுஷன் எடுத்துத் தனக்குப் போட்டுக்கிட்டான். எனக்கு ஆத்திரம் அங்கதான். போனதுக்கு இல்ல. போறவன் போவான். 1998ல உங்கம்மா கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்து, "அவ துரத்தினாலும் என் பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருப்பேனா"ன்னு பந்தல் கால்ல சாஞ்சுக்கிட்டு அழுதான். சம்பந்தி வீட்டுக்காரங்க நாற்காலி போட்டாங்க, கலர் வாங்கிக் குடுத்தாங்க. நான் அடுப்பாண்ட நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா அவ கல்யாணம் நின்னிருக்கும்.

ஒரு வார்த்தைதானேங்கறே. நான் கடையில வெட்டினதெல்லாம் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான். அதுக்குத்தான் ஜனங்க வரிசையில நின்னாங்க.

என் ஏட்டை நான் வெட்டறேன். வாசகம் என்னுது. சாட்சி வேணும்னு உங்க முறையில இருக்கில்ல? விஷயம் தெரிஞ்ச ஆள் இந்த உலகத்துல ஒருத்தன்தான் மிச்சம் இருக்கான். அவன் உங்க வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கறான்.

லோகநாயகி


சிதம்பரம்
24-11-2024

அம்மாவுக்கு அருள்மொழி எழுதுவது.

நீ சௌக்கியம்னு எழில் சொன்னாள். இங்கேயும் அப்படித்தான்.

உன் கடிதத்தைப் படித்தேன். அப்பாவிடம் கேட்டேன். பழசை எதற்குக் கிளறுகிறாய் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாக நீ சொன்னதை நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் உன்னிடம் மூஞ்சியைக் காட்டினேன், வயசுக்கு வந்தபோது உன்னைத் தொடவிடவில்லை, எழில் பிறந்தபோது ஒரு மாசத்தில் உன்னை ஊருக்கு அனுப்பினேன். இப்போது அது பொய் என்கிறாய். நான் செய்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? எதை நம்பட்டும்?

புயல் வரும் என்கிறார்கள். மெழுகுவத்தி வாங்கி வை.

அருள்மொழி


கடலூர் முதுநகர்
14-12-2024

அருள்மொழிக்கும் எழிலுக்கும்.

தெருவுல இடுப்பளவு தண்ணி வந்து வடிஞ்சுது. நான் மாடி வீட்டு ஸ்ரீமதி வீட்டுல அஞ்சு நாள் இருந்தேன். தகடுங்களைப் புடவையில சுத்தி மடியில வச்சிருந்தேன். பயப்படாதீங்க.

அருளு, நீ செஞ்சதை எங்கயும் வைக்க வேணாம். அது எனக்கு வர வேண்டியதுன்னு தெரிஞ்சுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். கேட்டு வாங்கினதைத் திருப்பித் தர மாட்டேன்.

அஞ்சாவது, ஆறாவது ஏட்டோட என் ஏடும் பார்சல்ல இருக்கு. வெட்டினது இது. சரியான்னு பார்த்துக்கங்க:

*நலம் பெருகுக. கடலூர்ச் சின்னையன் மகள் லோகநாயகி தன் கையால் வெட்டின ஏடு. இவள் இருபத்தெட்டு ஆண்டு ஊரார் பாத்திரத்தில் ஊரார் பேர் வெட்டினாள். ஒரு பெண்ணை ஆளாக்கினாள். இவளுக்கு எல்லையாவது: கிழக்கெல்லை கடல். வடக்கெல்லை கெடிலம். தெற்கெல்லை மகள் அருள்மொழி. மேற்கெல்லை, கலியமூர்த்தி யாரும் போகச் சொல்லாமல் தானே பெட்டி எடுத்துக்கொண்டு போன தெரு. இந்நான்கு எல்லைக்குள் உள்ளதெல்லாம் இவளுடையது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும். இதை இல்லை என்பவன் அடுத்தவள் பேர் வெட்டின சொம்பில் தண்ணீர் குடித்த பாவம் கொள்வான். இப்படி அறிவேன்*

அதுக்குக் கீழ ரெண்டு விரக்கடை எடம் விட்டிருக்கேன். சின்ன உளியும் சுத்தியும் கூட வச்சிருக்கேன். அந்த மனுஷன்கிட்ட குடுங்க. கெஞ்ச வேணாம், மிரட்ட வேணாம். மாட்டேன்னா தொந்தரவு பண்ணாதீங்க. அந்த எடம் காலியாவே இருக்க, ஏட்டைச் சபையில படிக்கட்டும். படிக்கறவர் 'இப்படி அறிவேன்'னு சொல்லிட்டு நிறுத்தட்டும். நிறுத்தினா எல்லாரும் சாட்சி எங்கன்னு திரும்பிப் பார்ப்பாங்க. அது போதும் எனக்கு.

தலைவர் முறை பேசினா, எந்த முறை தப்புன்னு எழுதித் தரச் சொல்லு.

லோகநாயகி


சிதம்பரம்
8-1-2025

அன்புள்ள ஆயா,

நலமா? நீ பதில் போடறதுக்குள்ள நானே வந்துடலாமான்னு இருக்கு.

முதல்ல தலைவர் விஷயம். ஏட்டைப் படிச்சிட்டு முகம் சுருங்கிடுச்சு. நான் அவரோட கல்வெட்டுப் புத்தகத்தையே விரிச்சு, 'இன்னார் மகள் இன்னாள்'னு வர்ற எடத்தையெல்லாம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லை, சாபம், சாட்சி எல்லாம் கிரமமா இருக்கும்மா. குறை சொல்ல வழியில்லை"ன்னு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டார்.

இனி வீடு. அம்மா ஏட்டைத் தாத்தா முன்னால பாயில வச்சு சத்தமாப் படிச்சாங்க. தெற்கெல்லை வந்ததும் தகட்டை என்கிட்ட நீட்டினாங்க. நான் வாங்கி மீதியைப் படிச்சேன். அம்மா உளியையும் சுத்தியையும் பக்கத்துல வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. மூணு நாள் அப்படியே கிடந்துச்சு. மூணு நாளும் அவர் சொம்புல தண்ணி குடிக்கலை. குழாயடியில கையேந்திக் குடிச்சார்.

நாலாம் நாள் மத்தியானம் டக் டக்குன்னு சத்தம். அம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் வெட்டினார். தேய்ச்சு எடுத்து உள்ள வச்சிருக்கேன். 'கலியமூர்த்தி எழுத்து.'

அம்மா போய்ப் பார்த்தாங்க. "சொல்லியிருக்கலாமேப்பா"ன்னாங்க. "உங்கம்மாவே சொல்லிக்கிட்டா, நான் சும்மா இருந்துட்டேன்"னார். அப்புறம் அம்மா அவர்கிட்ட பேசலை. ஆனா வேளைக்குச் சோறு போடறாங்க.

பொங்கலுக்கு அம்மா அங்க வர்றாங்க ஆயா. தாத்தா, தானும் கூட வரட்டுமான்னு கேக்கச் சொன்னார். வந்து ஒரு வார்த்தை சொல்லணுமாம்.

எழில்


கடலூர் முதுநகர்
11-1-2025

எழிலுக்கு ஆயா எழுதறது. நேத்து ராத்திரி முட்டி வலி தெரியாமத் தூங்கினேன்.

உங்கம்மாவை வரச் சொல்லு. கரும்பு வாங்கிக்கிட்டு வர வேணாம், இங்க கிடைக்கும். ராத்திரி தங்கற மாதிரி வரச் சொல்லு.

அந்த மனுஷன் வர வேணாம். சொல்ல வேண்டிய வார்த்தையைச் செம்புல சொல்லியாச்சு. சாட்சிக்காரனுக்குக் கையெழுத்தோட வேலை முடிஞ்சுது. சபைக்கு வரட்டும். சாட்சிங்க உட்கார்ற எடத்துல உட்காரட்டும், எனக்குப் பக்கத்துல நாற்காலி போடாதீங்க. ஏடு படிக்கும்போது எல்லாரோடயும் எழுந்து நிக்கட்டும்.

தேய்ப்பைப் பார்த்தேன். 'க' ஆழமா இருக்கு, 'லி' மேலாகக் கீறியிருக்கு. 'மூ'வுல உளி ரெண்டு தடவை வழுக்கியிருக்கு. அந்தக் காலத்துல மண்டியில கணக்கு எழுதினப்ப அந்தாள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வலது கை நடுங்குதுன்னு நீ எழுதவே இல்லையே. நல்லாத்தான் இருக்கார்னு எழுதினே. பெரியாஸ்பத்திரியில காட்டுங்க.

சொம்பை அருள்மொழிகிட்ட குடுத்தனுப்பு. புளி போட்டுத் தேய்க்க வேணாம், நான் தேச்சுக்கறேன். அந்த மனுஷனுக்குத் தண்ணி குடிக்க வேற வாங்கிக் குடுத்துடு. கனமா வேணாம். ரெண்டு பக்கமும் காது வச்சதா, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கற மாதிரி பார்த்து வாங்கு. அதுல அவன் பேரையே வெட்டச் சொல்லு.

இப்படிக்கு,
சின்னையன் மகள் லோகநாயகி எழுத்து.